காற்று வழிக் கோப்புகளுக்கு அனுமதி இல்லை

தங்கதுரையின் போனுக்கும் அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு முழம். அந்த ஒரு முழத்தைக் கடக்க ஒரு மரவள்ளி இலையின் படம் என்ன பாடுபட்டது, அதைக் கடக்க விடாமல் தடுக்க ஓர் ஆபீசே எப்படி அல்லும் பகலும் உழைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு யாரும் அந்த ஆபீஸ்காரர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிவிடக் கூடாது. அவர்கள் அளவுக்கு உழைத்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

தங்கதுரைக்குக் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை வந்து தரையைத் தொடுகிற இடத்தில் இரண்டு ஏக்கர் கொல்லை. மரவள்ளி போட்டிருந்தார். செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கும்போது நுனிக் கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சு விழ ஆரம்பித்தது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளையாக மாவு அப்பிக் கிடந்தது. மாவுப்பூச்சி. மருந்து அடித்துப் பார்த்தார். பூச்சி தன் மேல் பூசிக்கொண்டிருக்கிற மாவு, மருந்தை உள்ளே விடவில்லை. சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் அடுத்த வரிசையிலும் கொழுந்து சுருண்டிருக்கும்.

"இன்னாயா வேடிக்கை பார்த்துக்கினு நிக்கற? புடுங்கிக் கொளுத்து" என்றாள் அம்சவள்ளி. அவர் மனைவி. "பக்கத்துக் கொல்லைக்கும் தாவுச்சின்னா ஊரே நம்ம வாசல்ல வந்து நிக்கும்."

"கள்ளக்குறிச்சி ஆபீசுல குளவி தர்றாங்களாம். எள்ளு மாதிரி இத்துனூண்டு குளவி. பூச்சிக்குள்ளயே முட்டை வெச்சி, அதை அப்படியே தின்னு தீர்த்துடுமாம்."

"அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். குளவி வரலைன்னா நானே நெருப்பு வெச்சிடுவேன், சொல்லிட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். குச்சி நறுக்கி நட்டதிலிருந்து அந்தக் கொல்லைக்குத் தினமும் போய் வந்த மனுஷன் தங்கதுரை. அதில் நெருப்பு எரிவதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நோய் கண்ட செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார். யாரோ படமும் வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஓர் இலையைக் கட்டை விரலால் பிடித்துக்கொண்டு நிற்க, அம்சவள்ளி போனில் எடுத்துக் கொடுத்தாள். பஸ் ஏறினார்.

அந்த ஆபீசின் முழுப்பெயர் மாவட்டப் பயிர்ப் பூச்சி மின்தகவல் மையம். ஊர்க்காரர்கள் பூச்சி ஆபீஸ் என்பார்கள். பக்கத்திலேயே கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் வந்தால் மேளச் சத்தத்தில் பூச்சியின் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளே வேளாண் அலுவலர் செந்தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருந்தார். படித்த பெண், சின்ன வயது, வேலை தெரிந்தவர். அந்த ஆபீசில் அவர் மீது சொல்லப்பட்ட குறைகளில் இந்தக் கடைசிக் குறைதான் பெரியது. பையைப் பிரித்து, கிளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மாவுப்பூச்சிதாங்கண்ணா. சந்தேகமே இல்ல. குளவியும் ரெடியா இருக்கு பாருங்க."

அலமாரி மேல் ஒரு கண்ணாடி ஜாடி. வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. உள்ளே பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்துச்சு. தேன் தண்ணி வெச்சிக் காப்பாத்திக்கினு இருக்கேன். ரொம்ப நாள் தாங்காது."

"அப்ப குடுத்துடுங்க மேடம். ஒரு மணி பஸ்சப் புடிச்சேன்னா சாயங்காலமே கொல்லையில வுட்டுடுவேன்."

செந்தமிழ்ச்செல்வி பெருமூச்சு விட்டார். "எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாதுங்கண்ணா. கம்ப்யூட்டருக்குத் தெரியணும். பூச்சி படம் அதுக்குள்ள போனாத்தான் அது குளவி ஒதுக்கும்."

"இவ்ளோதானே? படம் இருக்குதுங்களே" என்று தங்கதுரை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவ்வளவுதான். மூலையிலிருந்து உதவியாளர் நாராயணசாமி, "போனை எடுக்காதீங்க! போனை எடுக்காதீங்க!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் அண்டா. தங்கதுரையின் கையிலிருந்த போனை இரண்டு விரலால் பிடுங்கி அண்டாவுக்குள் போட்டு மூடினார். பிறகுதான் மூச்சு விட்டார்.

அப்போதுதான் தங்கதுரை தரையைப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருந்தது. சுவரில் ஒரு பலகை: காற்று வழிக் கோப்புகளுக்கு அனுமதி இல்லை.

அண்டாவுக்குள் அவருடைய போன் அடித்தது. கோயில் மணி மாதிரி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அம்சவள்ளியாகத்தான் இருக்கும்.

உள் அறையிலிருந்து மின்தகவல் பாதுகாப்பு அலுவலர் சிவசங்கர் வெளியே வந்தார். பாமரர்களுக்கு விளக்கம் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. தங்கதுரையை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அந்த வரலாற்றைச் சொன்னார்.

நடந்தது இதுதான். போன வருஷம் பக்கத்து மண்டபத்தில் ஒரு காதுகுத்து. மணலூர்பேட்டைக் குடும்பம். வந்திருந்த யாரோ, பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் போனுக்கு ப்ளூடூத்தில் குழந்தை படத்தையும் அழைப்பிதழையும் அனுப்பப் போய், கை தவறி வேறு பெயரைத் தொட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த அரசாங்கக் கம்ப்யூட்டர். அது, "ஏற்கலாமா?" என்று கேட்டிருக்கிறது. நாராயணசாமி, எது கேட்டாலும் ஏற்றுக்கொண்டே முப்பது வருஷ சர்வீஸ் போட்டவர், ஏற்றுக்கொண்டார். அடுத்த நொடி, மொட்டை அடித்து சந்தனம் பூசிய ஒரு குழந்தை கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிரித்தது.

"அதைத்தான் நாங்கள் முதல் தாக்குதல் என்று சொல்கிறோம்" என்றார் சிவசங்கர்.

விசாரணைக் குழு வந்தது. குழந்தையை, அடையாளம் தெரியாத நபர் என்று எழுதிக்கொண்டது. குழந்தையின் பெயரும் தாய்மாமன் பெயரும் அழைப்பிதழிலேயே இருந்தன; ஆனால் தாக்க வந்தவர் தரும் தகவலை நம்பக் கூடாது என்பது பாதுகாப்பின் அரிச்சுவடி. குழந்தையின் படம் தடயம் என்பதால் அதைத் திரையிலிருந்து நீக்கவும் தடை. இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் மொட்டைக் குழந்தைதான் சிரிக்கும்.

"விவசாயிகளே படம் அனுப்புகிற ஆப் ஒன்று இருந்ததுங்க. அதுவும் காற்று வழியாகத்தான் வேலை செய்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். உடனே மூடிவிட்டோம். பென்டிரைவ் சொருகும் ஓட்டைகளை எல்லாம் அரக்கு வைத்து அடைத்துவிட்டோம். இப்போது எங்கள் கம்ப்யூட்டருக்குள் எதுவுமே நுழைய முடியாது."

"அப்ப அது எப்படிங்க வேலை செய்யுது? இன்டர்நெட்டு வேணாமா?"

"அது பக்கத்து மண்டபத்து வைஃபையில் ஓடுகிறது."

தங்கதுரை பலகையைப் பார்த்தார். "அதுவும் காத்துதானுங்களே?"

சிவசங்கர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அது நமக்குப் பழகின காற்றுங்க. மண்டபத்து ஓனர் நல்ல மனிதர். பாஸ்வேர்டைக் கூட வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார், ஒளிவு மறைவே கிடையாது."

அப்படியானால் படம் எப்படித்தான் உள்ளே போகும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு ஓட்டை மட்டும் அடைக்காமல் விடப்பட்டிருந்தது. அதற்கென்று ஒரே ஒரு கேபிள். இரும்புப் பெட்டியில், சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். நாராயணசாமி பயபக்தியோடு எடுத்து வந்தார். அண்டாவைத் திறந்து தங்கதுரையின் போனில் வைத்துப் பார்த்தால் முனை சேரவில்லை. அது பழைய மாடல் போனுக்கான கேபிள்.

"வேற கேபிள் வாங்கினா?" என்றார் தங்கதுரை. "கடையில தொங்குதுங்களே, நான் வேணா ஓடிப்போய்..."

"கடையில் தொங்குகிற கேபிள்!" என்று சிவசங்கர் நெஞ்சில் கை வைத்தார். "அதை யார் யார் தொட்டிருப்பார்களோ! நீங்கள் பழைய மாடல் போனோடு வாருங்கள். வாசல் எப்போதும் திறந்திருக்கும்."

தங்கதுரை ஊருக்குத் திரும்பினார். ஊர் முழுக்க அலைந்து, இருசப்பன் வீட்டுப் பரணில் ஒரு பழைய போனைப் பிடித்தார். இருசப்பன் அவர் கொல்லைக்குக் களை எடுக்க வருகிறவர். இவர் மரவள்ளி நன்றாக இருந்தால் அவருக்கும் வேலை இருக்கும். பேட்டரி உப்பிப்போய் மூடி நிற்கவில்லை, ரப்பர் பேண்டு போட்டார்கள். படத்தைப் புதுப் போனிலிருந்து பழைய போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பினார்கள். ரெண்டு போனையும் ஒட்ட வைத்துவிட்டு, எதிரில் குந்தி உட்கார்ந்து, அந்தப் படம் வந்து சேருகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டது. தங்கதுரைக்கு நல்ல நிம்மதி.

மறுபடி பஸ். மறுபடி அண்டா. கேபிள் வந்தது, முனை சேர்ந்தது, செந்தமிழ்ச்செல்வி எழுந்தே நின்றுவிட்டார். சிவசங்கர் கையை உயர்த்தினார்.

"ஒரு கேள்விதாங்க. இந்தப் படம் இந்தப் போனிலேயே எடுத்ததா?"

இங்கேதான் தங்கதுரை கெட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும், நானும் வேறு வேலை பார்த்திருப்பேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"இல்லீங்க. என் போன்லேர்ந்து இதுக்கு ப்ளூடூத்துல அனுப்புனதுங்க."

நாராயணசாமி கேபிளைக் கீழே போட்டுவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "காற்று பட்ட படம்" என்றார் சிவசங்கர் துக்கத்தோடு. "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் எங்களால் எல்லாவற்றையும் நிராகரிக்க முடிகிறது."

செந்தமிழ்ச்செல்வி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தார். "ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ் கடையில ராதிகான்னு ஒரு பொண்ணு இருக்குதுங்கண்ணா. படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்தாந்துடுங்க. பேப்பர்னா சார் ஒண்ணும் சொல்ல மாட்டார். சீக்கிரம்ண்ணா. ஜாடியில பாதி கம்மியாயிடுச்சு." அந்தப் பெண்ணின் குரல் உடைந்ததைக் கேட்டதும் தங்கதுரை பஸ் ஏறாமல் கடைப் பக்கம் திரும்பினார்.

ஜெராக்ஸ் கடையில் ராதிகா ஒரு வளைகாப்புப் பேனருக்கு எழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிரிண்ட் வேண்டும் என்றதும் தலையைத் தூக்காமலே சொன்னாள். "போன்ல ப்ளூடூத்து போடுங்கண்ணா. ஷேர் அமுக்குங்க. என் கடை பேரு தெரியுதா? தொடுங்க."

தொட்டார். ராதிகாவின் கம்ப்யூட்டர் திரையில் அவர் கட்டை விரலும் மரவள்ளி இலையும் வந்து நின்றன. பூச்சியின் மாவு கூடத் தெளிவாகத் தெரிந்தது. தங்கதுரை கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. புகை கூட வரவில்லை.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதாங்கண்ணா. ஆனா வேலை முடிஞ்சதும் அதை ஆஃப் பண்ணிடுங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி தொறந்து வெக்காதீங்க. தெரியாத ஆளு எதுனா அனுப்புனா வாங்காதீங்க. அது போதும்." இதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. இதைப் பற்றியே பூச்சி ஆபீஸ் ஒரு தலையணை கனத்துக்குப் புத்தகமாக அச்சடித்திருந்தது. அதில் இது மட்டும் இல்லை.

பிரிண்ட் ஓடுகிற நேரத்தில் தங்கதுரையின் கண் திரையின் ஓரத்தில் போய் நின்றது. வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று வரிசையாக இருந்த பெட்டிகளுக்கு நடுவில், பூச்சி ஆபீஸ் மிக ரகசியம் என்று ஒன்று.

"அது இன்னாம்மா?"

"அதுவா? அந்த ஆபீசுல பிரிண்டர் ரிப்பேரு. எல்லாத்தையும் சிவசங்கர் சார் எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிடுவாரு, நான் போட்டுக் குடுப்பேன். அவங்க பாஸ்வேர்டு, ஆதாரு, மேலிடத்துக்கு எழுதுற புகாரு, எல்லாம் இதுலதான் கிடக்குது. அழிச்சிடவா சார்னு கேட்டேன். வேணாம்மா, உங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுட்டாரு."

கலர் மை தீர்ந்திருந்ததால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. இலையும் வெள்ளை, மாவும் வெள்ளை, கட்டை விரலும் வெள்ளை.

சிவசங்கர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பேப்பர்! இதில் எந்தக் கிருமியும் ஏறாதுங்க." ஆனால் பேப்பர் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டுமே. ஆபீசுக்கு ஒரு ஸ்கேனர் வந்திருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் அது வயர் இல்லாத மாடல். மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கோணி போர்த்தி வைத்திருந்தார்கள். கடைசியில் சிவசங்கரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். நாராயணசாமி படத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் இருப்பதை எழுத்தாகத் தட்டுவது. எழுத்து விரல் வழியாகப் போகிறதே தவிர காற்று வழியாகப் போகவில்லை.

நாராயணசாமி தட்டினார்: படத்தில் ஓர் இலை உள்ளது. இலை வெள்ளையாக உள்ளது. ஒரு விரலும் உள்ளது. விரலும் வெள்ளையாக உள்ளது. விவசாயிக்கும் நோய் தொற்றியிருக்கலாம்.

கம்ப்யூட்டர், படம் எங்கே என்று கேட்டது.

தங்கதுரை எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்குப் போனால் அம்சவள்ளி கொல்லை ஓரத்தில் காய்ந்த சோளத்தட்டையைக் குவித்து வைத்திருந்தாள், கொளுத்துவதற்கு. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே பூச்சி ஆபீசுக்கு விருது கிடைத்துவிட்டது. ஒரு வருஷமாகக் காற்று வழியாக ஒரு கோப்பு கூட உள்ளே நுழையாத ஆபீஸ் தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதானாம். பக்கத்து மண்டபத்தில் விழா. கைதட்ட விவசாயிகள் தேவைப்பட்டதால் தங்கதுரைக்கும் அழைப்பு வந்தது. போனில்தான் வந்தது.

மேடையில் சிவசங்கர் மாலையோடு பேசினார்.

"பெரியோர்களே! எங்கள் கம்ப்யூட்டரில் இந்த ஆண்டு ஒரு பூச்சியின் படம் கூட ஏறவில்லை. இதன் பொருள் என்ன? இந்த மாவட்டத்தில் பூச்சியே இல்லை! போன ஆண்டு எத்தனையோ பேர் புகார் கொடுத்தார்கள். இந்த ஆண்டு கொடுக்க வந்த ஒவ்வொருவரையும் நாங்கள் அன்போடு தடுத்தோம். பாதுகாப்பு கூடக் கூடப் பூச்சி குறைகிறது என்பதை உலகுக்குக் காட்டியிருக்கிறோம்!"

தங்கதுரை எழுந்தார். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

"ஐயா, எங்க கொல்லையில இருக்குதுங்களே. ரெண்டு ஏக்கரும் சுருண்டுக்கினு போவுதுங்க. நீங்க வந்து பார்த்தா கண்ணாலயே தெரியுங்க."

சிவசங்கர் உருகிப்போனார்.

"நண்பரே, உங்கள் கொல்லையில் பூச்சி இருக்கிறது என்பது உங்களுடைய அந்தரங்கத் தகவல். அது வெளியே கசிந்துவிடாமல் காப்பதற்காகத்தான் நாங்கள் இரவும் பகலும் பாடுபடுகிறோம். இன்று வரை அந்தத் தகவல் எங்களுக்குக் கூடத் தெரியாது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பூச்சி இல்லாத மாவட்டத்துக்குக் குளவி எதற்கு? ஜாடியை ஆராய்ச்சி நிலையத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்படி அந்த மேடையிலேயே உத்தரவு போட்டார்கள்.

மறுநாள் அமாவாசை. காலையிலேயே அம்சவள்ளி மண்ணெண்ணெய் பாட்டிலோடு கொல்லைக்கு வந்துவிட்டாள். தங்கதுரை வரப்பில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போக அவளுக்கும் மனசில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தார் ரோட்டில் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டிய ஜீப், நேராகச் சின்னசேலம் போய்ச் சேலம் ரோட்டைப் பிடித்திருக்க வேண்டும். கச்சிராயபாளையம் வழியாகப் போனால் சுற்று. டிரைவர் வேடியப்பன் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்கும்ணே" என்று செந்தமிழ்ச்செல்வி சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்பது வேடியப்பனுக்குத் தெரியும். இருந்தும் வண்டியைத் திருப்பினார்.

செந்தமிழ்ச்செல்வி ஜாடியை அணைத்துக்கொண்டு கொல்லைக்குள் வந்தார். புடவையெல்லாம் மண்.

"குளவிங்களுக்கு மூச்சு முட்டுதுங்கண்ணா. கொஞ்சம் காத்து காட்டணும். இந்தத் துணியை அவுத்துப் புடிங்க."

"அவுத்தா பறந்துடுமே மேடம்" என்றார் தங்கதுரை. அவருக்கு இன்னமும் புரியவில்லை.

அம்சவள்ளிக்குப் புரிந்துவிட்டது. "குடுய்யா இங்க" என்று ஜாடியைப் பிடுங்கி முடிச்சை அவிழ்த்தாள். குளவிகள் ஒவ்வொன்றாக ஜாடியின் விளிம்புக்கு ஏறி வந்து, ஒரு நிமிஷம் நின்று, கிளம்பின. வரிசை வரிசையாக மரவள்ளிக்குள் நடந்து ஜாடியைச் சாய்த்துக்கொண்டே போனாள். ஜாடி காலியானதும் அவர் போனை வாங்கி, பறக்கிற குளவிகளைப் படம் எடுத்தாள். வேடியப்பன் ஜீப்புக்கு முதுகு சாய்த்துக்கொண்டு கல்வராயன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருண்ட கொழுந்து ஒன்றில் ஒரு குளவி இறங்கி, பூச்சியைத் தடவிப் பார்ப்பதைத் தங்கதுரை குனிந்து பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் துண்டால் துடைத்துக்கொண்டார்.

விசாரணை வந்தது, வராமல் இருக்குமா? காலி ஜாடியை மேஜை மேல் வைத்துவிட்டு சிவசங்கர் செந்தமிழ்ச்செல்வியையும் தங்கதுரையையும் கூப்பிட்டார். இருவரின் போன்களும் அண்டாவுக்குள் இருந்தன.

"குளவிகள் எப்படி வெளியேறின?"

"காத்து வழியா சார்" என்றார் செந்தமிழ்ச்செல்வி.

சிவசங்கரின் முகம் வெளிறியது. மாலை கூட இன்னும் வாடவில்லை, சுவரில் மாட்டியிருந்தது. ஆபீஸ் உடைமை ஒன்று, ஒன்றல்ல, ஒரு ஜாடி நிறைய, காற்று வழியாக வெளியே போயிருக்கிறது. இதை மேலிடத்துக்கு எழுதினால் முதலில் போவது விருது, அடுத்துப் போவது அவர்.

"ஆதாரம் இருக்கிறதா?" என்றார் மெதுவாக.

"இருக்குதுங்க" என்றார் தங்கதுரை. கேட்டதற்கு உண்மையைச் சொல்கிற பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. "எங்க வூட்டுல போட்டோ எடுத்துச்சிங்க. குளவி பறக்கறது கூட நல்லா தெரியுதுங்க. போன்லதான் இருக்குது, அண்டாவைத் தொறந்தீங்கன்னா காட்டறேன்."

"போனில் இருக்கிறதா?" சிவசங்கரின் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. "கம்ப்யூட்டரில் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்படியானால் அது நடக்கவில்லை." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்ப்யூட்டரில் ஏறாத எதையும் இந்த ஆபீஸ் நம்புவதில்லை. குளவிகள் ஜாடியில்தான் இருக்கின்றன. செல்வி, வழக்கம்போல் பராமரியுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம், வழியில் ஏதாவது ஆகிவிடப் போகிறது. நம்மிடமே பத்திரமாக இருக்கட்டும்."

அன்றிலிருந்து செந்தமிழ்ச்செல்வி தினமும் காலையில் அந்த ஜாடிக்குத் தேன் தண்ணீர் வைக்கிறார். நாராயணசாமி தூசி தட்டுகிறார். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், இவ்வளவு சாதுவான குளவிகளை வேறெங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தங்கதுரையின் கொல்லையில் ஓரத்து வரிசைகள் சில போய்விட்டன. மற்றதெல்லாம் புதுக் கொழுந்து விட்டு நிமிர்ந்தது. கிழங்கு பிடுங்கியதும் நல்லதாகப் பார்த்து ஒரு பை நிறையப் போட்டு அம்சவள்ளி கொடுத்தனுப்பினாள், அந்தப் பெண்ணிடம் கொடு என்று. பையோடு ஆபீசுக்குள் நுழைந்தவரை சிவசங்கர் பிடித்துக்கொண்டார். தோளில் கை போட்டு அலமாரிப் பக்கம் கூட்டிப்போய் ஜாடியைக் காட்டினார்.

"பார்த்தீங்களா? அன்றைக்கு என்னென்னவோ சொன்னீர்கள். ஒன்று கூடப் போகவில்லை. எல்லாம் உள்ளேயே இருக்கின்றன."

தங்கதுரை குனிந்தார். ஜாடியின் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய், உள்ளே இருந்த தேன் தண்ணீரையும் வெறும் அடித்தட்டையும் நன்றாகப் பார்த்தார். அந்தப் பக்கம் செந்தமிழ்ச்செல்வி தலையைத் தூக்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றார் தங்கதுரை. "முன்னைக்கு இப்ப நல்லா கொழுகொழுன்னு இருக்குதுங்க."